ஆபீஸ்

பழையபேட்டையில்
பேட்டரிக் கடைக்கு மேலே.
பதினேழு இரும்புப் படி.
பதினொன்றாவது ஆடும், டங்கென்று.
பழகிய கால்கள் அதை விட்டுவிட்டு ஏறும்.
சத்தம் கேட்டால் மந்தாகினி
முந்தானையைச் சரிசெய்துகொண்டு
பாலை அடுப்பில் வைப்பாள்:
"புதுசு."

நான் முதலில் வந்த அன்று
அந்தப் படியிலேயே நின்றுவிட்டேன்.
சத்தம் ரவுண்டானாவரை கேட்டிருக்கும் என்று நினைத்தேன்.
கீழே பேட்டரிக் கடைப் பையன்
தலைகூட நிமிரவில்லை.

வெளியே போர்டு இல்லை.
இருந்தது; முதல் வாரமே ஓனர்
கழற்றச் சொன்னார், மரியாதையாகத்தான்.
இப்போது நான்கு செங்கல் மேல் கிடந்து
சாப்பாட்டு மேசையாகிவிட்டது.
ஏழு நிறமும் சாம்பார்ச் சூட்டில்
அங்கங்கே உரிந்திருக்கிறது.

வீட்டில் நான் சொல்வது: ஆபீஸ் போறேன்.
பொய் இல்லை. நாற்காலி இருக்கிறது,
கோந்து இருக்கிறது, ரிஜிஸ்டர் இருக்கிறது.
பெயர், ஊர், வந்த காரணம்:
மூன்று கட்டம்.
மாதக் கடைசியில் சென்னைக்கு எண்ணிக்கை போகும்.
ஆதாரில் பெயர் மாற்ற,
ரத்தம் பார்க்க,
போலீஸ் பிடுங்கிய போனைத் திரும்ப வாங்க,
இதெல்லாம் எண்ணிக்கையில் சேரும்.
'சும்மா' என்று எழுதினால் சேராது.
எங்கள் ரிஜிஸ்டரில் முக்கால்வாசி சும்மா.

பர்கூர்ப் பக்கம் கிரானைட் பாலிஷ் கம்பெனியிலிருந்து
ஷாஜிதாவும் இன்னொருத்தியும் வந்தார்கள்.
ஒன்றும் கேட்கவில்லை.
பாயை விரித்து, முடியில் வெள்ளைத் தூளோடு
ஒரே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு
மூன்றரைவரை தூங்கினார்கள்.
நாங்கள் மூன்றரைவரை
குரல் எழும்பாமல் சண்டை போட்டோம்,
சர்க்கரை டப்பாவை யார் காலி செய்தது என்று.

திம்மராயன், வேப்பனப்பள்ளி. வியாழக்கிழமைகளில்.
இரண்டு வருடம்
ஃபேனுக்கு நேர்கீழே பேசாமல் உட்கார்ந்திருந்தவன்
ஒருநாள் மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டினான்.
"யாரும் வந்துராதீங்க."
மந்தாகினி கண்டபடி திட்டினாள்,
பார்த்தே இராத அந்தப் பெண்ணுக்காக.
பிறகு அவளே ஆளுக்கு ஐம்பது வசூலித்தாள்.
மொய் நோட்டில் பெயர் வேண்டுமே.
ஒரு டெம்போக்காரரிடம் கொடுத்தனுப்பி
எழுதச் சொன்னோம்:
ஆபீஸ் நண்பர்கள், கிருஷ்ணகிரி,
ஐநூற்றி ஒன்று.

ஃபேனுக்குக் கீழே அந்த இடத்தில்
இப்போது யாரும் உட்காருவதில்லை என்று எழுதினால்
அழகாக இருக்கும்.
உட்காருகிறார்கள். வெயில் அப்படி.

அம்மாவுக்குப் பெருமை.
காவேரிப்பட்டணத்தில் பால் சொசைட்டி வரிசையில்
கேனை இறக்கி வைத்துவிட்டுச் சொல்வாளாம்,
பையன் ஆபீஸ்ல இருக்கான்.
என்ன ஆபீஸ் என்று கேட்டால்
ஃபேன் இருக்கு என்பாளாம்.

நேற்று ராத்திரி களி கிண்டிக்கொண்டே கேட்டாள்:
உங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கிறாங்களா?
யாருக்கு?
மாதம்மா மவளுக்கு. ஹம்சவேணி.
பன்னெண்டு முடிச்சா, கிராப்பு வெட்டிக்கிட்டா,
ஆடியிலிருந்து வெளிய தலை காட்டல.
அவங்கப்பன் சோறு போடாதேங்கிறான்.

வேலையெல்லாம் இல்லம்மா, அது வந்து...
எத்தனையோ பேருக்கு நானே கேட்டு நிரப்பிய
மூன்றாவது கட்டம்.
என் வாயில் ஒன்றும் வரவில்லை.

துடுப்பை வழித்துவிட்டு
ஈரக்கையால் உருட்டித் தட்டில் வைத்தாள்.
நடுவில் குழித்துக் கீரை ஊற்றினாள்.

"வேலை கெடக்கட்டும். சும்மா வந்து உட்காரட்டும்.
ஏறும்போது பாத்து ஏறச் சொல்லு.
மேல போகப்போக ஒரு படி ஆடுது.
வெல்டிங் வைக்க எத்தனை நாளாவும்
உங்க ஓனருக்கு?"