ஐந்து நாள் பயிற்சி, ஏற்காடு

இருபது கொண்டை ஊசி வளைவுகள்.
பதினாலாவதில் ஆணையத்தின் கணக்கு அதிகாரி
ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தார்.
அதற்குமேல் யாரும் கட்டண உயர்வைப் பேசவில்லை.

முதல் நாள், நியாயமான லாபம் எத்தனை சதவிகிதம்.
இரண்டாம் நாள் கசிவு,
கம்பியில் கசிவது, குழாயில் கசிவது.
மூன்றாவது வகைக் கசிவு பாடத்தில் இல்லை,
டீ இடைவேளையில் இருந்தது.

மூன்றாம் நாள் பயிற்சியாளர் லூர்துசேவியர்
திரையில் ஒரு கேள்வி போட்டார்:
ஒரு மணி நேர மின்தடைக்கு என்ன விலை?

கால்குலேட்டரைத் தேடும்போதே கரண்ட் போனது.
பெயர் பதியாத பங்கேற்பாளர் போல
பனி உள்ளே வந்து உட்கார்ந்தது.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லையாம்.
"உங்களுக்கு இன்னைக்கு. எங்களுக்கு தினம்" என்றாள்
டீ டம்ளர் பொறுக்க வந்த வெள்ளையம்மா,
நாகலூர்ப் பக்கம் தாடையைக் காட்டி.

போன மாதம் ஒரு மனு.
அம்மாபேட்டை விசைத்தறிக்காரர், பச்சை மை:
'கரண்ட் போய் வந்தால் பாவு அறும் ஐயா,
இழை பிணைக்க அரை நாள்.'
ஓரத்தில் நான் எழுதினேன்:
ஆதாரம் இணைக்கப்படவில்லை.

நாற்பது நிமிடம் கழித்துத் திரை விழித்தது.
அதே கேள்வி.
அவரவர் விடையை அவரவர் மறைத்து எழுதினோம்.

கடைசி நாள் படிவம்:
பயிற்சி பயனுள்ளதா, ஒன்று முதல் ஐந்துவரை.
நான்கு போட்டேன்.

இரவில் இறங்கும்போது
கீழே சேலம், கொட்டிவிட்ட ஜவ்வரிசி மாதிரி.
நடுவில் ஒரு துண்டு மட்டும் இருட்டு.
"அது எந்த ஏரியா சார்?" என்றார் டிரைவர்.
பஸ்ஸில் பதினேழு அதிகாரிகள் இருந்தோம்.