கண்ணாடியை யார் திருப்பியது

சைக்கிள் திருத்தும் கடைக்கு மேலே என் அறை.
கீழே சக்கரத்தின் கோணல் எடுக்கிறார்கள்,
கம்பி கம்பியாய்த் தட்டிக் கேட்டு.
மேலே நானும் ஏறக்குறைய அதைத்தான்.

பீல் நகரில் இந்த வேலைக்கு இரண்டு மொழியில் பெயர் உண்டு,
என் அம்மாவிடம் ஒன்றுமே இல்லை.
கலியாண மண்டபத்தில் யாராவது கேட்டால்
"பிள்ளை ஆஸ்பத்திரிப் பக்கம் வேலை" என்பாள்.
ஆஸ்பத்திரி இரண்டு பஸ் தரிப்பு தள்ளி.
பொய் என்றும் சொல்ல முடியாது.

ஹன்சுவேலி க்ஃபெல்லர், ஐம்பத்தெட்டு வயது.
முப்பத்தொரு வருடம் நகரப் பஸ் ஓட்டுகிறார்.
உள்ளாடையோடு சுவரோரம் நிற்கச் சொன்னேன்.
வலது தோள் ஒரு விரல் பதிந்திருந்தது,
யாருக்குத் தோள் கொடுத்ததோ.
தலை, உடம்புக்கு முன்பே தரிப்பிடம் சேர்ந்துவிட்டது.
"எங்கே நோகிறது?"
"எங்கும் இல்லை. மனைவி அனுப்பினாள்."

பலாப்பழம் வெட்டியவர்களுக்குச் சொல்வது சுலபம்:
சுளையைப் பற்றிய சடை,
இங்கே ஒன்றை இழுத்தால்
அந்தப் பக்கம் வேறொரு சுளை அசையுமே, அது.
தசைக்கு அப்படியொரு உறை, எலும்புக்கும்.
உறைக்கும் உறைக்கும் நடுவே வழுக்கல்.
வழுக்கல் வற்றிய இடத்தில்
உடம்பு தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிறது.
அவருக்கு அதை பாண் மாவை வைத்து விளக்கினேன்.
தலையாட்டினார். அரைவாசித் தலைதான் ஆடியது.

எண்ணெய் இல்லை. பூசினால் கை ஓடிவிடும்,
எனக்கு ஓடாத கை வேண்டும்.
முழங்கையை விலாவோரத்தில் வைத்துக் காத்திருக்கிறேன்.
அமுக்குவதில்லை, சாய்வதுதான்,
கதவைத் தள்ளாமல் கதவோடு நிற்பதுபோல.
மூன்றாம் மூச்சிலோ முப்பதாம் மூச்சிலோ
வெண்ணெய் போல என்று சொல்லமாட்டேன்,
ஈரச் சாக்குப் போலத்தான் இளகும்.
அப்போது அவர் வயிறு சத்தமாய் உறுமும்.
"மன்னிக்கவும்" என்பார், ஒவ்வொரு தடவையும்.

ஒரு நாள் பின்கழுத்தில் என் விரல் இருக்கக் கேட்டார்:
"இவ்வளவு காலம் இது எங்கே இருந்தது?"
எது என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் வார்த்தை வந்து குந்திவிடும்.

ஐந்தாம் தடவை கோபத்தோடு வந்தார்.
காலையில் இருக்கையில் ஏறினால்
கண்ணாடியில் முகங்கள் இல்லையாம், சப்பாத்துகளாம்.
இரவுப் பணி பெஸ்னிக்கோடு சண்டை:
"கண்ணாடியை யார் திருப்பியது?"
பெஸ்னிக் தொடவே இல்லை.
மேசையில் படுத்தபடி கூரையிடம் சொன்னார்:
"நான்தான் உயர்ந்திருக்கிறேன்."
குரலில் மகிழ்ச்சி இல்லை.
கள்ளன் புகுந்த வீட்டில் எதுவும் குறையாமல்
ஒன்று கூடியிருக்கக் கண்டவர் குரல்.

ஆறாம் தடவைக்கு வரவில்லை.
அட்டை வந்தது: நன்றி, இது போதும்,
இன்னும் நிமிர்ந்தால் மனைவி முக்காலி தேட வேண்டும்.
முன்னால் எடுத்த படமும் பின்னால் எடுத்த படமும்
கோப்பில் கிடக்கின்றன.
இரண்டிலும் அதே சுவர், அதே உள்ளாடை.
நடுவில் விலகியது எதுவென்று படத்தில் தெரியாது.

டிசம்பர், வெள்ளி மாலை.
கையில் இரண்டு பை, இடுப்பில் ஐந்து கிலோ அரிசி.
ஏறிய பிறகுதான் பார்த்தேன், ஓட்டுவது அவர்.
தலை உடம்பின் மேலே, அதற்குரிய இடத்தில்.
சரி, கொஞ்சம் முன்னே. பரவாயில்லை.
கண்ணாடியில் என்னைக் கண்டுவிட்டார்.
சிவப்பு விளக்கில் நின்றபோது
ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல் எடுத்துத்
தன் இடது இடுப்பைத் தொட்டுக் காட்டினார்,
ஐந்து தடவை நான் தொட்ட அதே இடம்.

முழு எடையையும் இடது காலில் போட்டு
இடுப்பை வெளியே தள்ளி நான் நிற்கிறேன்.
இருபது வருடமாய் இருக்கும்.
யாரும் சொல்லவில்லை.

அரிசியைக் கீழே வைத்தேன். பஸ் வளைந்தது.
எல்லோரும் ஏரிப் பக்கம் சாய்ந்தோம்,
அவர் உட்பட.