எண்ணெயும் மையும்

அவர்கள் நால்வர். ஐந்தாவது ஆள் நான்,
எந்தப் புகைப்படத்திலும் இல்லாதவள்.
இருட்டில் நிற்பதுதான் என் வேலை.
இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே
சமையல் எண்ணெய், சிவப்பு மை, பச்சை மை.
ப்ரொஜெக்டர் விளக்கின் சூட்டில் அவை புரண்டு
ஹெட்லியின் வெள்ளைச் சட்டைமேல்
அமீபாக்களாய் ஊரும்.
எப்படிச் செய்கிறாய் டெல்மா என்பார்கள்.
கட்டைவிரலால் அமுக்குகிறேன், அவ்வளவுதான்.

கிரிம்ஸ்பியில் மீன் ஏற்றும் வேன் ஒன்று,
லெனர்டின் மாமாவுடையது.
பனிக்கட்டி உருகிய தரையில் ஆர்கனைக் கயிற்றால் கட்டி
லிங்கன், டான்காஸ்டர், ஸ்பால்டிங் என்று போனோம்.
லண்டனில் அந்தக் கோடைக்கு
பூவும் ஊதுபத்தியும் மணத்ததாம்.
எங்களை ஜனங்கள்
கேட்பதற்கு முன்பே முகர்ந்துவிட்டார்கள்.

பெயர் ஹெட்லி வைத்தது: பாதரசத் தபால்காரன்.
ரோலண்டின் அப்பா நிஜத் தபால்காரர்.
இருபத்தாறு வருஷம் மழையில் நடந்த மனுஷர்
கேலி என்று எடுத்துக்கொண்டு
ஒரு வாரம் மகனோடு பேசவில்லை.
எட்டாம் நாள் மேசைமேல்
தன் பழைய தொப்பியை வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.
கடைசிவரை அதைப் போட்டுக்கொண்டுதான்
ரோலண்ட் டிரம் அடித்தான்.

ஒரே ஒரு தட்டு வந்தது.
இரண்டு நிமிடம் ஐம்பத்தோரு நொடி.
பின்னோக்கி ஓடும் கிதார், நடுவில்
என் கெட்டிலில் தண்ணீர் கொதித்துக் கூவும் ஓசை.
ஆலையில் யாரோ தூங்கி விழ, லேபிள் மாறி
முதல் ஐந்நூறு தட்டுகளில்
எங்கள் பெயருக்குக் கீழே பாடியது
வேல்ஸ் சுரங்கத் தொழிலாளிகளின் தேவாலயக் குழு.
திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் இரண்டே பேர்.
மற்றவர்களுக்கு அதுவும் புதுப் பாணியாகப் பட்டிருக்கும்.

கடலில் நங்கூரமிட்ட கப்பலொன்று
சட்டத்துக்கு எட்டாத தொலைவில் ஒலிபரப்பியது.
அறுபத்தேழு ஆகஸ்ட் பத்து, இரவு இரண்டேகால்.
கிளீதோர்ப்ஸ் மணலில் வேனை நிறுத்திக் காத்திருந்தோம்.
வந்தது.
எங்கள் பாட்டு, தண்ணீருக்கு மேலாக நடந்து.
பாதியில் அலைவரிசை நழுவ
யாரோ டச்சு மொழியில் வானிலை வாசித்தார்.
டிரான்சிஸ்டரைத் தலைமேல் தூக்கிக்கொண்டு
லெனர்ட் கடலுக்குள் இறங்கினான்.
முழங்கால். தொடை. இடுப்பு.
அவன் நனைய நனையப் பாட்டு தெளிந்தது.

நான்காம் நாள் நள்ளிரவில்
சட்டம் கடலுக்கும் வந்துவிட்டது.
கப்பல் வாயை மூடிக்கொண்டது.

லண்டனில் பத்து நாள் பாடிய ஆல்பத்தை
யாரும் கேட்கவில்லை. நிறுவனம் கைமாறியது.
நாடா விலை அதிகமாம், எங்கள்மேலேயே
நாய் பழக்கும் பாடத்தைப் பதிந்தார்கள்.
உட்கார், நில், வா என்ற அதட்டல்களின் இடைவெளியில்
தன் ஆர்கன் கேட்கிறது என்று
கிறிஸ்பின் சத்தியம் செய்வான்.

பிறகு ஸ்பால்டிங், தானியச் சந்தை மண்டபம், நவம்பர்.
மூன்றாவது பாட்டில் கண்ணாடி வெடித்தது.
கொதித்த எண்ணெய் என் மணிக்கட்டில்.
நான் அலறியதும் காவலாளி ஓடிப்போய்
எல்லாக் குழல் விளக்கையும் போட்டுவிட்டான்.

நிறமில்லாமல் நின்றார்கள்.
பரு முகத்தோடு நான்கு பையன்கள்,
ஒரு தபால் தொப்பி,
எதிரே முப்பத்தொரு பேர்.
யாரும் கூச்சல் போடவில்லை.
ஹெட்லி ஒவ்வொருவராய்ப் பார்த்தான்,
எண்ணுகிறவன்போல.
பாட்டை முடித்தான். ஒயரைப் பிடுங்கி
முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே
நிதானமாகச் சுற்றினான்.
அவன் எதையும் சுற்றி வைத்து நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் யாரும் முடிந்தது என்று சொல்லவில்லை.
என் கைக்கு வெண்ணெய் தடவலாமா என்பதில் மட்டும் சண்டை.

ஐஸ்லாந்துப் பக்கம் மீன்பிடிக்கப் போன லெனர்ட்
அங்கிருந்து ஒரு அட்டை போட்டான்: இங்கே நன்றாகக் கேட்கிறது.
என்ன கேட்கிறது என்று எழுதவில்லை.

போன மாதம் ஒசாகாவிலிருந்து ஒரு கடிதம்.
இரண்டுவிதத் தட்டும் வைத்திருக்கிறாராம்.
சுரங்கக்காரர்கள் பாடும் தட்டுக்குக் கொடுத்த விலை
அந்த வேனின் விலையைவிட அதிகம்.
மற்றதில் ஒரு சந்தேகம்: ஒன்று நாற்பதில் வருவது
என்ன வாத்தியம்?

பதில் எழுத உட்கார்ந்தேன்.
உள்ளே அடுப்பில் அது கூவத் தொடங்கியது.
எழுந்து போனேன்.