பன்னிரண்டில் ஏழு

பரீட்சைக்குப் பதினொரு நாள்.
கச்சான் பிடுங்கப் பதினாறு நாள்.
அதனால்தான் என் புத்தகங்கள் எல்லாம்
இந்தக் காவற்கொட்டிலுக்கு ஏறின.

முத்தையன்கட்டு வாய்க்கால்
இந்த இடத்தோடு களைத்துவிடும். அதற்கப்பால் காடு.
நாலு பாலைக் கப்பு, மேலே ஒரு தறப்பாள்.
அதன் நீலம் எனக்கு மூத்தது.

தலையில் கட்டுகிற லைற் ஒன்றுதான்.
அம்மா காட்டைப் பார்க்க வேண்டும்
நான் கணக்கைப் பார்க்க வேண்டும்.
எங்காவது ஒரு கிளை முறிந்தால்
என் நெற்றியிலிருந்து கேளாமலே கழற்றிக்கொள்ளுவா.
இருபடிச் சமன்பாடு பாதியில் இருண்டுபோகும்,
தெரியாக் கணியம்
தெரியாமலே நிற்கும்.

கடந்த பன்னிரண்டு இரவில் ஏழு இரவு வந்தன.
'இண்டைக்கு வர நிகழ்தகவு
பன்னிரண்டில் ஏழு அம்மா' என்றேன்.
'வந்தால் வரும், வராட்டி இல்லை' என்றா.
அம்மாவுக்கு எல்லாமே இரண்டில் ஒன்று.
அனுமதி அட்டைக்கு நிரப்பிய படிவத்தில்
தந்தை: உயிருடன் / காலமானார்,
பொருத்தமற்றதை வெட்டிவிடுக என்று இருந்தது.
பேனையை வாங்கி
கனநேரம் வைத்திருந்துவிட்டு
ஒன்றையும் வெட்டாமல் தந்தா.

நித்திரை வராமலிருக்கச் சத்தமாய் வாசித்தேன்:
வாகீசன் ஆண்டுக்குப் பன்னிரண்டு வீதக்
கூட்டு வட்டிக்கு
ஐம்பதாயிரம் ரூபா கடன் பெறுகிறார்.

'ஆரடி அது?'

ஒருத்தருமில்லை அம்மா, கேள்வியில வாற ஆள்.

'எங்க எடுத்தவனாம்? செவ்வாய்க்கிழமைக் காரரிட்டயோ?'

போடவில்லை.

'கையெழுத்து வைச்சது ஆர்?
மனிசியின்ர தோடு இருக்கோ, போட்டுதோ?'

அதுவும் போடவில்லை. முதலாம் வருடம் ஆறாயிரம்,
இரண்டாம் வருடம் ஆறாயிரத்து எழுநூற்று இருபது
என்று நான் எழுதி முடிக்க முதலே
'வட்டிக்கும் வட்டி' என்றா இருட்டுக்குள்ளிருந்து,
வழிமுறை ஒன்றும் இல்லாமல்.
ஆசிரியர் என்றால் அதற்குப் புள்ளி போடமாட்டார்.

'ஒரு கிழமை தவறினால்?'

கேள்வியில அது இல்லை அம்மா.

'அப்ப நல்ல கேள்வி.'

மூன்று மணிபோல வந்தன.
முதலில் வாசம்,
பிறகு கச்சான் கொடி வேரோடு இழுபடும் சத்தம்,
கந்தையைக் கிழிப்பதுபோல.
வெடி இருந்தது. நெருப்புப்பெட்டி நனைந்திருந்தது.
கீழே சட்டியில் கொஞ்சம் தணல்.
அம்மா என் மடியில் கை வைத்து
அகப்பட்டதைக் கிழித்து முறுக்கி
தணலில் பிடித்து, ஊதி, திரியில் வைத்தா.
எறிந்தா.
வானம் ஒருதரம் வெள்ளையாகித் திரும்பிவந்தது.

அடுத்த கொட்டிலில் இருந்து நிரோஜன் கத்தினான்:
'எத்தினை?'
மூண்டு!
'எனக்கு நாலு வந்தது!'
அவன் விஞ்ஞானத்துக்கும் அப்படித்தான் விடை எழுதுவான்.

லைற் திரும்ப என்னிடம் வந்தபோது பார்த்தேன்.
கடந்தகால வினாத்தாளில்
ஏழாம் வினா இல்லை.
ஒரு வட்டம் இருந்தது, அதற்கு வெளியே ஒரு புள்ளி,
அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு தொடலி.
எதை நிறுவச் சொன்னார்கள் என்பது மட்டும் ஞாபகமில்லை.
கஜானியிடம் பிரதி இருக்கிறது.
விடிய அணைக்கட்டில் ஏறினால் சிக்னல் வரும்,
படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம்.
ஐந்து புள்ளி, விட ஏலாது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை.
கருகின விரலை வாயில் வைத்துக்கொண்டு
மிதிபட்ட வரிகளை எண்ணிக்கொண்டிருந்தா,
எனக்கும் கேட்கட்டும் என்று
கொஞ்சம் சத்தமாய்.
பதினாலில் நிறுத்தினா.

நான் கண் மூடப் போகையில் கேட்டா:
'பிள்ளை,
அந்த வாகீசன் கட்டி முடிச்சிட்டானோ?'

ரெண்டு வருஷத்தில முடிச்சிட்டார் அம்மா.

'அப்பிடி எழுதிக் கிடக்கோ?'

இல்லை. மொத்தத் தொகை எவ்வளவு எண்டுதான் கேட்டிருக்கு.

'ம்' என்றா.
பிறகு லைற்றை என் நெற்றியிலிருந்து கழற்றி
அணைத்தா.