இருபத்துநாலு மணி நேரம்

பழைய சிலிகானைப் பிளேடால் சுரண்டினேன்.
கறுத்த புழுவாய்ச் சுருண்டு வந்தது
முன்பு குடியிருந்தவர்களின் அவசரம்.
கட்டைவிரலால் இழுத்திருக்கிறார்கள்,
ரேகைகூடத் தெரிந்தது.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு, இரண்டாம் மாடி.
கீழ்வீட்டு ஷம்ஷாத்தின் பாத்ரூம் கூரையில்
நாலு மாதமாய் ஈரம்.
நாலு மாதமாய்ப் படிக்கட்டில்
அவள் வந்தால் நான் என் செருப்பைப் பார்ப்பேன்.

டி.எச். ரோட்டுக் கடையில்
"வெள்ளையா, கிளியரா?" என்றான் பையன்.
ஜன்னலில் தினம் கரித்தூள் வந்து உட்காரும் ஊரில்
வெள்ளை எத்தனை நாளைக்கு?
வெள்ளையே கேட்டேன்.

சனி ராத்திரி முழுக்க
டேபிள் ஃபேன் மூலையைப் பார்த்துச் சுற்றியது.
மேலே ஒரு டேப், கீழே ஒரு டேப்,
நடுவில் பருக்கை அகலம்.
மூக்கைச் சாய்வாக, சின்னதாய் வெட்டினேன்.
பெரிதாக வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது.

துப்பாக்கியை அழுத்தினால்
முதலில் ஒன்றும் வராது.
பிறகு, நிறுத்தினாலும் வரும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கித் தவழ்ந்தேன்.
பாதியில் தண்ணி கேன்காரர் பெல் அடித்தார்.
அடிக்கட்டும்.
வினிகர் வாடை மண்டைக்கு ஏறியது.

சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து
டிபன் பாக்ஸ் விளிம்பில் வழிந்த குழம்பை வழிப்பதுபோல்
ஒரு முறை.
இரண்டாம் முறை தடவப் போய்த்தான்
எல்லாம் கெடுகிறது.
ஈரத்திலேயே டேப்பை உரித்தேன்.

கோடு என்றால் அது கோடு.
யார்டில் தினம் நூறு கன்டெய்னருக்கு
சீல் நம்பர் எழுதுகிறவள் நான்.
நானே வைத்த முதல் சீல் இது.

டியூபின் முதுகில் எழுதியிருந்தது:
இருபத்துநாலு மணி நேரம் தண்ணீர் படக் கூடாது.
திங்கள் காலை ஆறு மணி ஷிஃப்ட்.
துண்டோடும் வாளியோடும்
பதினாறு படி இறங்கினேன்.

ஷம்ஷாத் வாளியைப் பார்த்தாள்.
நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தாள்.
"அடைச்சிட்டியா?"
"காயணும். அதான்..."
"வெந்நீர் வேணுமா?"

அண்ணாந்து பார்த்தேன்,
என் தரையின் முதுகை.
ஓரம் மஞ்சள், நடுவில் கறுப்பு,
பெயின்ட் உரிந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கவர்
டேப் போட்டு, கோணலாக.
இவ்வளவு பெரிது என்று அவள் சொல்லியிருந்தாள்.
நான்தான் கையால் அளந்து காட்டச் சொல்லிச் சிரித்தேன்.

முதல் மக் தண்ணீரைத் தூக்கும்போது
தோளில் ஒரு சொட்டு விழுந்தது.
மேலே இரண்டு நாளாய்க் குழாயே திறக்கவில்லை.
மூன்றாம் மாடியா,
ஸ்லாப் குடித்துவைத்த என் பழைய தண்ணீரா?

வெளியே வந்தபோது டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.
"இன்னும் ஒழுகுதா?"
தோளைத் துடைத்துக்கொண்டேன்.
"நாளைக்கும் வந்து பார்க்கணும்."
நாற்காலி மேலிருந்த துணிகளை
எடுத்துக் கட்டிலில் போட்டாள்.