எல்லைக்கு வரைவிலக்கணம்

ஆங்கிலத்தில் ஐம்பது நிமிடம்.
பிறகு வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டுப்
பத்து நிமிடம் தமிழில் களவு.
அட்டவணையில் இல்லாத அந்தப் பத்து நிமிடத்தில்தான்
பின்வரிசை நிமிர்ந்து உட்காரும்.
கோணேசபுரிக் கடற்காற்று
யன்னல் கொக்கியை அடித்துக்கொண்டேயிருக்கும்.

அன்றைக்கு எல்லை.
ஆங்கில வசனம் முந்திக்கொண்டு
உண்டு என்று சொல்லிவிடும்.
எது உண்டு, எந்த நிபந்தனைக்கு உண்டு என்பதெல்லாம்
சரக்கு ரயில் போலப் பின்னால் வரும்.
நம் வசனம் அப்படியில்லை.
எந்த எப்சிலன் தந்தாலும்,
அது எவ்வளவு சின்னதென்றாலும்,
இன்ன தூரத்துக்குள் நின்றால் இன்னது பிழைக்காது
என்று அதற்கெனச் சொல்லத்தக்க ஒரு டெல்ற்றா
என மூச்சைப் பிடித்துக்கொண்டே போய்
கடைசியில்தான்
உண்டு.
அந்தச் சொல் வரும்வரை
ஒருவரும் பேனாவை மூடவில்லை.

கிண்ணியா ஷிஹாமா கேட்டாள்:
"டெல்ற்றாவ முதல்ல எடுக்கேலாதா, மிஸ்?"
ஏலாது. எப்சிலன் கேள்வி, டெல்ற்றா மறுமொழி.
கேட்காத கேள்விக்குச் சொன்ன மறுமொழி
நிறுவல் ஆகாது.

சம்பூர்க் கோபிதன் எழும்பாமலே கேட்டான்:
"கிட்டக் கிட்டப் போகலாம்,
ஆனா அங்க போய்ச் சேரத் தேவையில்லை. அப்படித்தானே?"
அப்படித்தான். அந்தப் புள்ளியில் சார்பு
இல்லாமலேகூட இருக்கலாம்.
"எங்கட வளவு மாதிரி," என்றான்.
"வேலிக்கு இஞ்சால நிண்டு ஒன்பது வருசம்."
நான் பலகையை அழித்தேன்,
ஒன்றும் எழுதாத இடத்தையும் சேர்த்து.

முன்வரிசையில் திலிண. கந்தளாய்.
இந்தப் பத்து நிமிடமும் கொப்பியின் ஓரத்தில்
சதுரம் சதுரமாய்க் கீறுவான்.
நான் களவெடுப்பது அவனிடமிருந்தும்தான்.
தெரியும்.
வகுப்பு முடிய மேசையடிக்கு வந்தான்.
"மிஸ், நீங்க பதினொரு தரம் எல்லை சொன்னது.
லிமிட் தானே?"
ஓம்.
"எங்கட பள்ளிக்கூடத்தில சீமாவ."
சீமையா! வாசலில் நின்ற ஷிஹாமா சிரித்துவிட்டாள்,
ஆங்கிலம் வந்த இடமும் அதுதானே.

அடுத்த கிழமை தொடங்கிப்
பலகையின் வலது மூலையில் மூன்று நிரல்.
அவனுடைய நிரலை அவனே எழுதுவான்.
தொடை என்று நான் எழுதியபோது
தமிழ்ப் பொடியன்கள் தங்கள் தொடையைத் தட்டினார்கள்.
ஏனென்று அவனுக்கு விளங்கப்படுத்த
ஆறு நிமிடம் போயிற்று.

வேல்ஸில் கணிதம் படிப்பிக்கிற ஒருத்தி,
மாநாட்டுத் தேநீர் வரிசையில் வந்த பழக்கம்,
எழுதுகிறாள்:
இந்த வருடம் என் மொழியில் கேட்க
மூன்றே பேர். அதில் ஒருவனுக்குத் தடிமன்.
அவளிடம் அனுமதி இருக்கிறது, பாடத்திட்டம் இருக்கிறது,
கதிரைகள் வெறுமை.
என்னிடம் கதிரை போதாது.

பரீட்சை. தாளில் எண் மட்டும், பெயர் இல்லை.
நான்காம் வினாவுக்கு ஆங்கிலத்தில் ஏழு வரி
வினைச்சொல் இல்லாமல் நொண்டி வந்து
எட்டாம் வரியில் தமிழுக்குத் தாவியிருக்கிறது,
உட்துறைமுக வீதியை
யோசிக்காமல் கடக்கிற மான் போல.
நிறுவல் சரி. ஓர் ஓட்டையும் இல்லை.
கடைசிச் சொல் உண்டு.

விதிப்படி எட்டாம் வரியிலிருந்து பூச்சியம்.
இருபதுக்கு இருபது போட்டேன்.
இரண்டாம் பரீட்சகரிடமிருந்து தாள் திரும்பி வந்தது.
அந்த வரிக்கு நேரே பென்சிலில்
ஒரு கேள்விக்குறி. வேறொன்றுமில்லை.
மொழியையா கேட்கிறார், நிறுவலையா?
இன்னும் பதில் எழுதவில்லை.

நிலாவெளி வீதி பஸ்ஸில் தொங்கியபடி
நாளைய பாடத்துக்கு ஒரு சொல் தேடுகிறேன்.
கொம்பாக்ட்.
அகராதியில் இருப்பது வாயில் நிற்கவில்லை.
கச்சிதம் என்றால் சிரிப்பார்கள்.
அலஸ்தோட்டத்தில் இன்னும் பதினைந்து பேர் ஏற,
"உள்ளுக்கு நெருங்குங்கோ, நெருங்குங்கோ,"
கொண்டக்டர் கத்துகிறான்.
நெருக்கம்?
ம்ஹும்.
அதை வேறொரு தேற்றத்துக்கு எடுத்தாயிற்று.