பத்தாயிரத்து ஒன்று

புளியரைச் சோதனைச்சாவடிக்குப்
புது மென்பொருள் வருகிறது.
திங்கட்கிழமைக்குள் ஓட்டிக் காட்டணும்.
ஓட்ட ஒரு லாரியும் இல்லை கையில்.
செங்கோட்டையில் ஒரு கோழிக்கடைக்கு மேல்மாடியில்
ஜன்னலை அடைத்தும் உள்ளே வருகிற சாரலில்
லாரிகளைச் செய்ய உட்கார்ந்தேன்.

டோக்கன் எண் சுலபம்.
ஒன்று என்று தொடங்கிக் கொடுத்தால்
பத்தாயிரம் வரை
மூச்சு வாங்காமல் சொல்லிவிடும்.
முன்னால் பூஜ்யங்களை நிரப்பி
எல்லாரையும் ஒரே உயரம் ஆக்கினேன்.

வண்டி எண் அப்படியில்லை.
மலைப்பாதையில் எதுவும் வரிசையாய் வருவதில்லை.
எழுத்தைக் குலுக்கி, இலக்கத்தைக் குலுக்கிப் போடணும்.
குலுக்க ஒரு விதை வேண்டும்.
அறை வாடகையைக் கொடுத்தேன்: 3500.
அதே விதையைப் போட்டால்
அதே தற்செயல்தான் மறுபடி முளைக்கும்
என்று முதன்முதலில் தெரிந்த நாளில்
கொஞ்ச நேரம்
எதையும் தட்டாமல் இருந்தேன்.

பெயருக்கு இரண்டு பட்டியல்.
மலைக்கு இந்தப்பக்கம் முன்பாதி,
அந்தப்பக்கம் பின்பாதி.
இருளப்பன் வர்கீஸ் பிறந்தார்.
சுடலைமுத்து நம்பியார் பிறந்தார்.
மைதீன்பிச்சை குறுப்பு, வயது 143.
(வயதுக்கு வரம்பு போட மறந்திருந்தேன்.)
எந்தத் தரகரும் சேர்த்துவைக்காத பாதிகள்
பிழைச்செய்தி ஒன்றும் இல்லாமல்
வைக்கோல் ஏற்றிக்கொண்டு
கோட்டைவாசல் தாண்டிப் போனார்கள்.

சரக்கு விவரத்துக்கு
"எதையாவது நிரப்பு, இருபது எழுத்து" என்றார்
கொச்சியிலிருந்து பினோய்.
எதையாவது என்பது தமிழில் லேசில்லை.
துணைக்கால் ஒன்று தனியாக வந்து நின்றது,
சாய ஒரு மெய் இல்லாமல்
புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு.
ட முதலில் வந்தது. ற முதலில் வந்தது.
சொல்லுக்கு முதலில் வராது என்று
ஏழாம் வகுப்பில் பிரம்படி வாங்கித்தந்த எழுத்துகள்.
அழிக்கப் போனவள் கீழே எட்டிப் பார்த்தேன்.
ஆரியங்காவிலிருந்து இறங்கி வந்த வண்டியின் பின்கதவில்
யாரோ ஒரு மலையாளி தமிழில் எழுதியிருந்தார்:
றப்பர் பால்.
விட்டுவிட்டேன்.

திங்கள் தப்பித்தது.
புதன் நள்ளிரவு நிஜமாகவே திறந்துவிட்டார்கள்.
பன்னிரண்டு நாலுக்கு ஜெபக்கனி கூப்பிட்டார்.
"மொத வண்டியே நிக்குது மேடம்.
உள்ள போயாச்சு, இன்னும் திரும்பலைன்னு காட்டுது."

எழுத்தும் சரி, நாலு இலக்கமும் சரி.
நான் குலுக்கிப் போட்டதில் ஒன்றுக்கு
டயர் இருந்திருக்கிறது.
சுரண்டையில் பல்லாரி ஏற்றியிருக்கிறது.
ஓட்டி வந்தவர் ஆறுமுகநயினார்.
என் கணக்கில் ஓட்டிப் போனவர்
மைதீன்பிச்சை குறுப்பு.

போனை அவரே வாங்கினார்.
"நான் இங்கனதான நிக்கேன்.
எவ் வண்டிய எடுத்துட்டுப் போனது யாரும்மா?"
பின்னால் ஹாரன்கள்.
மழை அவர் தகரத்திலும் என் தகரத்திலும்
ஒரே நேரத்தில் விழுந்தது.

ஒற்றை வரியில் பத்தாயிரம் பேரை அழித்தேன்.
எங்கேயும் ஒரு சத்தம் இல்லை.
எங்கே இறக்கினார்களோ அத்தனை வைக்கோலை.

வரிசை எண்ணுக்கு ஒரு குணம் உண்டு.
ஆளை அழித்தாலும் அது பின்வாங்காது;
விட்ட இடத்துக்கு அடுத்ததைத்தான் நீட்டும்.
டோக்கன் கிழிபடுவது கேட்டது.

"பத்தாயிரத்து ஒண்ணா?"
அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை.
"எனக்கு முன்ன ஒருத்தனையும் காணோம்.
ரோடு காலியால்லா கெடக்கு."

கியர் விழுந்தது. பல்லாரி மலையேறியது.

விதையை மாற்றணும் என்று
காலண்டர் ஓரத்தில் எழுதிவைத்தேன்.
வாடகையும் இந்த மாதம் ஏறியிருக்கிறது.